முதல் வரியில் பிள்ளையார்

போன மாதம்தான் வேலையிலிருந்து நின்றேன். நின்ற பத்தாம் நாள் போன் வந்தது. எங்கள் அச்சகத்தின் கம்ப்யூட்டர் அறையில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் நந்தினி பேசினாள். வெப் பேஜின் ஹெட் பகுதியைத் தானே எழுதிக்கொள்ளும் புது மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். பழைய பேஜ்களை எல்லாம் அதற்குள் போட்டுப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் முதல் வரி தேவையில்லாத வரி, நீக்கிவிடலாமா என்று அது கேட்கிறதாம்.

"ஆன்ட்டி, நீங்க பண்ண எல்லா பேஜ்லயும் அந்த வரி கீது. ஒரு வேலையும் செய்யல. எடுத்துடட்டுமா?" என்றாள்.

எடுக்காதே என்று நான் போட்ட சத்தத்தில், மதியத் தூக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். காரணத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. துக்க வீட்டுக்கு என்னைத் தனியாக அனுப்ப வீட்டில் யாருக்கும் தைரியம் கிடையாது. எழுதித் தருகிறேன் என்று போனை வைத்தேன். நந்தினி, இது உனக்கும் உன் பக்கத்து நாற்காலிக்காரர்களுக்கும்.

என் பெயர் எஸ்தர். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அந்த அச்சகத்தில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தேன். முதலில் ஈய எழுத்தை எடுத்து அச்சுக் கோத்தேன். பிறகு பைண்டிங் செய்தேன். கம்ப்யூட்டர் வந்ததும் டைப் அடித்தேன். இன்டர்நெட் வந்ததும் முதலாளி என்னைக் காஞ்சிபுரத்துக்கு இரண்டு மாத வகுப்புக்கு அனுப்பினார். திரும்பி வந்த வாரமே வாசலில் "வெப் டிசைன் செய்து தரப்படும்" என்று போர்டு மாட்டிவிட்டார். என் படிப்பு அவ்வளவுதான்.

எச்.டி.எம்.எல். என்பது தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு சின்ன விளக்கம். ஒரு வெப் பேஜுக்கு இரண்டு பாகம் உண்டு. ஒன்று ஹெட், இன்னொன்று பாடி. கல்யாண மண்டபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேடை, பந்தி, பாயசம் எல்லாம் பாடி. வாசலில் பூவால் பெண் மாப்பிள்ளை பெயர் எழுதி வைத்திருப்பார்களே, அது ஹெட். உள்ளே வந்து உட்கார்ந்தவன் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ரோட்டில் போகிறவன் அதைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்துகிறான். பேஜின் பெயர் என்ன, எந்த எழுத்து முறையில் இருக்கிறது, எதைப் பற்றியது, எந்தப் படத்தைக் காட்டவேண்டும் என்ற தகவல் எல்லாம் ஹெட்டில்தான் இருக்கும். படிக்கிற மனிதருக்காக அல்ல, தேடுகிற மெஷினுக்காகவும் போனுக்காகவும் எழுதுவது அது.

இதெல்லாம் இப்போது வாய் கிழியப் பேசுகிறேன். ஆரம்பத்தில் ஹெட் என்றால் எனக்கு, ஒரு பேஜிலிருந்து அப்படியே தூக்கி அடுத்த பேஜில் ஒட்டுகிற பத்து வரி. நான் செய்த முதல் தமிழ்ப் பேஜில் எழுத்து முறையைச் சொல்லும் வரியை விட்டுவிட்டேன். என் கம்ப்யூட்டரில் அழகாகத் தெரிந்தது. வேலை கொடுத்த பார்ட்டியின் வீட்டில் திறந்தால் பக்கம் முழுக்கப் பூச்சி ஊர்ந்தது போல் இருந்ததாம். இரண்டாவது பேஜ் ஒரு அரிசி மில்லுக்கு. மூன்றாவது ஒரு பெண்கள் தையற்கடைக்கு. மில்லின் ஹெட்டை எடுத்துத் தையற்கடைக்கு ஒட்டினேன், டைட்டிலை மாற்ற மறந்தேன். அந்தத் தையற்கார அம்மா நேராக அச்சகத்துக்கே வந்துவிட்டார். தேடினால் அவர் கடைப் பெயருக்குப் பதிலாகப் புழுங்கல் அரிசி மொத்த விற்பனை என்று வருகிறதாம். அளவு கொடுக்க வந்த பெண்கள் எல்லாம் படி என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போகிறார்களாம். அவர் கோபமாகப் பேசப் பேச எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, தண்ணீர் குடிக்கிற மாதிரி உள்ளே ஓடிவிட்டேன். அன்றையிலிருந்து டைட்டிலை மட்டும் மூன்று முறை படிப்பேன்.

இனி முதலாளி. ஏகாம்பரம் என்று பெயர். ஊரில் நிலபுலன் உள்ள குடும்பம். என் அப்பா அவர்கள் வயலில் கதிர் அறுத்தவர். முதலாளி என்னை ஒரு நாளும் அதட்டியதில்லை. அவருக்கு அதட்டவே தெரியாது. தப்பு நடந்தால் பக்கத்தில் வந்து நிற்பார். அவ்வளவுதான் தண்டனை. நாம் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துகிற வரை நிற்பார். ஒரு முறை மின்சாரம் போய் அரை மணி நேரம் வரவில்லை. இருட்டான திரைக்கு முன்னால் நானும், பின்னால் அவருமாக அந்த அரை மணியும் அப்படியே இருந்தோம்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். பிள்ளையார் சுழி இல்லாமல் எதுவும் அச்சகத்தை விட்டு வெளியே போகக்கூடாது. கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், தண்ணீர் லாரி நோட்டீஸ் எதுவானாலும் உச்சியில் உ இருக்கவேண்டும். நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் இத்தனை வருஷத்தில் நான் போட்ட பிள்ளையார் சுழியை அந்த ஊரில் எந்தப் பக்தரும் போட்டிருக்க மாட்டார்.

வெப் பேஜிலும் அதே சட்டம். அரிசி மில் பேஜின் உச்சியில் நட்ட நடுவில் உ போட்டேன். மில்காரரின் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்து, மேலே ஏதோ எழுத்து சிந்திக் கிடக்கிறது, துடையுங்கள் என்றான். முதலாளி ஒரு நாள் முழுக்க யோசித்தார். சாயங்காலம் வந்து தீர்ப்புச் சொன்னார். "யாரு கண்ணுக்கும் தெரிய வாணாம் எஸ்தரு. ஆனா மொதல்ல அவருதான் இருக்கணும்."

எனக்கு அது பெரிய சவாலாகிவிட்டது. பேஜின் கோடை, அதாவது திரைக்குப் பின்னால் நாம் எழுதும் கட்டளை வரிகளைத் திறந்து, எல்லா வரிக்கும் மேலே, இது எச்.டி.எம்.எல். பேஜ் என்று அறிவிக்கிற வரிக்கும் மேலே, ஒரு சின்ன உ எழுதினேன். அதைத் திரையில் காட்டாதே என்று அதற்குப் பக்கத்திலேயே கட்டளையும் கொடுத்தேன். முதலில் இருக்கிறார், கண்ணுக்குத் தெரியவில்லை. இப்படி ஒரு மூளையா என்று என்னை நானே மெச்சிக்கொண்டு அன்றைக்கு வீட்டுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

அதற்குப் பிறகு முதலாளியின் மேற்பார்வை என்பது இதுதான். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றுவார். நெற்றியில் இருக்கும் கண்ணாடியை மூக்குக்கு இறக்குவார். "உள்ள தொற" என்பார். நான் கோடைத் திறப்பேன். முதல் வரியில் பிள்ளையார் இருக்கிறாரா என்று மட்டும் பார்ப்பார். "ம், கீறாரு. அனுப்பு" என்பார். மீதி நானூறு வரியில் நான் என்ன எழுதியிருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. இப்படியே இருநூறு பேஜுக்கு மேல் போயிற்று. பிரவுசர் ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லை. அவ்வப்போது ஒரு பெட்டி கொஞ்சம் அகலமாகத் தெரியும், ஒரு படம் கொஞ்சம் கீழே இறங்கும். அதையெல்லாம் மெஷின் கோளாறு என்று தட்டிக் கொட்டிச் சரி செய்தேன்.

இப்போது வாணியின் கல்யாணத்துக்கு வருகிறேன்.

வாணி முதலாளியின் ஒரே மகள். மாப்பிள்ளை கூரத்துப் பையன். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மாதம், உத்திரமேரூரில் பெரிய மண்டபமாகப் பார்த்து ஏற்பாடு. பத்திரிகை அச்சடித்து ஆயிரம் பேருக்குக் கொடுத்தாயிற்று. பத்திரிகையின் படமும் எல்லோர் போனுக்கும் போயாயிற்று. நான் என் பங்குக்கு ஒரு வெப் பேஜ் செய்திருந்தேன். போனில் லிங்க் அனுப்பினால் அதன் கீழே படமும் பெயரும் இரண்டு வரி விவரமும் ஒரு அட்டையாக வருமே, அதற்கான வரிகளை ஹெட்டில் முதல் தடவையாக எழுதியதும் அந்தப் பேஜில்தான். ஆனால் முதலாளிக்குக் காகிதத்தில்தான் நம்பிக்கை. பேஜ் சும்மா கிடந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழை கொட்டித் தீர்த்தது. கால்வாய் பொங்கி மண்டபத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். சமையல்கட்டில் ஒரு சாரைப்பாம்பு அடுப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. முதலாளியின் மச்சான் மானாம்பதியில் புதிதாக ஒரு மண்டபம் கட்டி முடித்திருந்தார். பெயர்ப் பலகைகூட மாட்டவில்லை. கல்யாணத்தை அங்கே மாற்றிவிடலாம் என்று காலை ஏழு மணிக்கு முடிவாயிற்று. எல்லாம் சரி, ஆயிரம் பேருக்கு யார் சொல்வது? சொல்லாவிட்டால் வாணி மானாம்பதியில் மணையில் உட்கார்ந்திருப்பாள், சொந்தபந்தம் எல்லாம் உத்திரமேரூர்த் தண்ணீரில் நிற்கும்.

வீட்டில் ஆறு பேர் ஆளுக்கு ஒரு போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு ஆளுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. மழையைப் பற்றிக் கேட்டார்கள், பாம்பு நல்லதா சாரையா என்று கேட்டார்கள், பந்தியில் வடையா போண்டாவா என்று கேட்டார்கள். மதியத்துக்குள் அறுபது பேரைக்கூடத் தாண்டவில்லை.

இடத்தை மாற்றிப் புதுப் பத்திரிகைப் படம் அனுப்பினால் போதாதா என்று கேட்பீர்கள். அதையும் அனுப்பினோம். அதே சாமி, அதே ஜோடி, அதே சிவப்பு, அதே மஞ்சள். யார் உற்றுப் பார்க்கிறார்கள்? எல்லோரும் கைகூப்புகிற பொம்மையைப் பதிலாகப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். முதலாளியின் சொந்த அக்காவே போன் செய்து, பத்திரிகை இரண்டு தபா வந்திருக்கிறது, உத்திரமேரூர் மண்டபத்துக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்டார்.

முதலாளி அச்சகத்துக்கு வந்தார். வேட்டி முழங்கால் வரை நனைந்திருந்தது. செருப்பைக் காணோம். என் பக்கத்தில் வந்து நின்றார். எப்போதும் என் தப்புக்காக நிற்பவர், அன்றைக்கு அவருக்காக நின்றார்.

வெப் பேஜ் இருக்கிறதே மொதலாளி, இடத்தை மாற்றி, புது மண்டபத்து மேப்பும் சேர்த்து லிங்க் அனுப்பலாம், படமும் பெயருமாக அட்டை வரும், பார்த்ததும் புரியும் என்றேன். சரி என்றார். கால் மணியில் மாற்றினேன். அவர் போனை வாங்கி, அவர்களுடைய குடும்ப குரூப்பில் நானே அனுப்பினேன். அட்டை வரவில்லை. வெறும் நீல எழுத்து, மொட்டையாக ஒரு லிங்க்.

அந்தச் சமயம் பார்த்து ஊர் முழுக்க ஒரு பயம் இருந்தது. கல்யாணப் பத்திரிகை என்று சொல்லி லிங்க் வரும், தொட்டால் போனில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று. குரூப்பில் முதல் பதில் செங்கல்பட்டில் இருக்கும் ஒரு மைத்துனரிடமிருந்து வந்தது. ஏகாம்பரத்தின் போனை எவனோ பிடித்துவிட்டான், யாரும் தொடாதீர்கள் என்று. அடுத்த நிமிஷம், குரூப்பை நடத்துகிற அண்ணன் மகன் முதலாளியைக் குரூப்பிலிருந்தே நீக்கிவிட்டான். இரண்டு நாளில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற மனிதர், சொந்தக் குடும்ப குரூப்பில் இல்லை. நான் சிரிக்கவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

முதலாளி அண்ணன் மகனுக்குப் போன் செய்தார். அவன், நீ நிஜமாகவே சித்தப்பாதானா, தாத்தா வளர்த்த காளை மாட்டின் பெயரைச் சொல் பார்க்கலாம் என்றான். அந்த நேரத்தில் யாருக்கு மாட்டின் பெயர் ஞாபகம் வரும்? "டேய், காலையில இருந்து பேஜார்ல கீறேன், மாட்டு பேரா கேக்குற" என்று ஆரம்பித்தவர், அதட்டவே தெரியாதவர் என்று சொன்னேனே, அவர் ஒரு மூன்று நிமிஷம் பேசினார். அதில் எதையும் இங்கே எழுத முடியாது. போனின் அந்தப் பக்கத்திலிருந்து, சித்தப்பாதான், சித்தப்பாதான் என்று குரல் கேட்டது. மறுபடி சேர்த்துக்கொண்டான்.

அதற்குள் நான் ஹெட்டில் மூழ்கிவிட்டேன். டைட்டில் இருந்தது. விவரம் இருந்தது. படத்தின் முகவரி இருந்தது. ஒவ்வொரு வரியையும் விரலை வைத்துப் படித்தேன். ஒரு குறியும் தவறவில்லை. வேறு போனில் அனுப்பிப் பார்த்தேன், மொட்டை. வேறு படம் போட்டேன், மொட்டை. ஒரு மணி நேரம் இப்படியே போயிற்று.

நந்தினி, இங்கே கவனி. ஒரு பேஜை இரண்டு விதமாகத் திறந்து பார்க்கலாம். ஒன்று, நாம் எழுதிய கோடை எழுதியபடி காட்டும். இன்னொன்று, அந்தக் கோடைப் படித்து பிரவுசர் என்ன புரிந்துகொண்டது என்று காட்டும். நான் அதுவரை முதலாவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியது நான் எழுதியபடி இருப்பதில் என்ன ஆச்சரியம்? கடைசியில் இரண்டாவதைத் திறந்தேன். ஹெட் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. திறக்கிறது, மூடுகிறது, நடுவில் சுத்தம். டைட்டில், விவரம், படம் எல்லாம் பாடிக்குள் இறங்கிக் கிடந்தன. அவற்றுக்கெல்லாம் மேலே, நான் ஒளித்துவைத்த பிள்ளையார் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். பேஜைப் படிக்கிற மெஷின், ஹெட்டில் இருக்கக்கூடாத ஒன்றை, அதாவது திரையில் வரவேண்டிய ஒரு எழுத்தைக் கண்ட உடனே, ஹெட் முடிந்தது, பாடி ஆரம்பம் என்று முடிவு கட்டிவிடும். ஒளித்து வைத்திருந்தாலும் எழுத்து எழுத்துதான். நான் முதல் வரியிலேயே உ போட்டிருந்தேன். அதனால் ஹெட் ஆரம்பிப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது. பிரவுசர் நல்ல மனசுக்காரன், பாடியில் கிடந்தாலும் டைட்டிலைப் பொறுக்கி எடுத்துக் காட்டிவிடும். அட்டை காட்டுகிற போன் அப்படியில்லை. ஹெட்டில் பார்த்தது, ஒன்றும் இல்லை, போய்விட்டது. இருநூறு பேஜ், அத்தனையிலும் வாசலில் போர்டு இல்லாமல் மண்டபம் நடத்தியிருக்கிறேன். சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மேஜைமேல் கவிழ்ந்துவிட்டேன். நான் அழுகிறேன் என்று நினைத்து முதலாளி தண்ணீர் கொண்டுவந்தார்.

ஒரு நகல் எடுத்து, முதல் வரியை நீக்கி, என் வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பினேன். அட்டை வந்துவிட்டது. படத்தோடு. முதலாளியிடம் காட்டினேன். முகம் மலர்ந்தது. காரணத்தைச் சொன்னேன். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிற்று.

"வூட்ல கல்யாணத்த வெச்சிக்கினு புள்ளையார எடுக்க சொல்றியா எஸ்தரு?" என்றார். குரல் உயரவில்லை. கண் கலங்கியிருந்தது. மண்டபத்தில் தண்ணீர், அடுப்பில் பாம்பு, இப்போது இதுவும் போனால் மகள் வாழ்க்கை என்னாகும் என்பது அவர் பயம். அந்தப் பயத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எடுக்கல மொதலாளி. எடம் மாத்தலாம். கல்யாணத்துக்கே எடம் மாத்திட்டோம். அவருக்கு மாத்தக்கூடாதா?" என்றேன்.

கோடில் குறிப்பு எழுதுவதற்கென்று ஒரு வழி உண்டு. ஒரு கோண அடைப்பு, ஒரு ஆச்சரியக்குறி, இரண்டு சின்னக் கோடு. அதற்குள் எதை எழுதினாலும் மெஷின் தாண்டிப் போய்விடும். எழுதுகிறவர்களுக்குள் பேசிக்கொள்வதற்கான இடம் அது. பழைய பிரவுசர் ஒன்றிரண்டு அதை முதல் வரியில் வைத்தால் கோணிக்கொள்ளும், இப்போது எதுவும் கோணுவதில்லை. முதல் வரியில் அந்தக் குறியைப் போட்டு, அதற்குள் உ எழுதிக் காட்டினேன். முதலாளி கண்ணாடியை இறக்கினார். நெடுநேரம் பார்த்தார்.

"இங்க வெச்சா மெஷினு அவர பாக்காதா?"

"பாக்காது மொதலாளி."

"பாக்காட்டி போவுது. அவரு மெஷின பாத்துக்குவாரு. அனுப்பு."

அனுப்புவதற்கு முன்னால் அட்டையை ஒரு முறை படித்தேன். நல்லவேளை. அட்டையில் விவரத்துக்கு இரண்டு வரிதான் இடம். நான் அச்சகப் பழக்கத்தில் பத்திரிகை வாசகத்தை அப்படியே ஒட்டியிருந்தேன். நிகழும் மங்களகரமான வருடம் ஐப்பசித் திங்கள் வளர்பிறையும் கூடிய சுபயோக சுபதினத்தில், மூன்று புள்ளி. அதோடு முடிந்துவிட்டது. மானாம்பதி என்ற வார்த்தை ஒன்பதாவது வரியில் இருந்தது.

சுருக்கமாகச் சொல்லுங்கள் மொதலாளி என்றேன். "நிகழும்" என்று ஆரம்பித்தார். நிறுத்தினேன். "பேரன்புடையீர்" என்று ஆரம்பித்தார். நிறுத்தினேன். பாவம், ஆயிரக்கணக்கான பத்திரிகை அடித்த மனிதர், வேறு எப்படிக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. உங்கள் அக்கா பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறார், பஸ் கிளம்பிவிட்டது, ஜன்னல் வழியாகச் சொல்லவேண்டும், என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். முதலாளி ஒரு அடி முன்னால் வந்து, கையை வாய்க்குப் பக்கத்தில் வைத்து, என் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கத்தினார்.

"அக்கா, வாணி கல்யாணம் மானாம்பதியில. உத்திரமேரூர் மண்டபத்துல தண்ணி. அங்க போயிடாதீங்க."

அக்காவை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே டைப் அடித்தேன். போயிடாதீங்க என்று கல்யாணப் பத்திரிகையில் போட்டால் நன்றாக இருக்குமா என்று அவருக்குக் கூச்சம். நன்றாக இருக்காது, ஆனால் புரியும் என்றேன். படத்துக்கு ஒரு பெரிய பிள்ளையாரைப் போட்டு, கீழே மானாம்பதி என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். பழைய லிங்க்கையே அனுப்பினால் போன் பழைய மொட்டையையே ஞாபகம் வைத்திருக்கும். அதனால் லிங்க்கின் கடைசியில் ஒரு கேள்விக்குறியும் சின்னதாக ஒரு எண்ணும் சேர்த்தேன். மெஷின் அதைப் புது லிங்க் என்று நினைத்துக்கொள்ளும். சரியாக மூன்றரை மணிக்கு அட்டை குரூப்பில் போய் விழுந்தது.

யாரும் லிங்க்கைத் தொடவேண்டிய அவசியமே இருக்கவில்லை. அட்டையிலேயே எல்லாம் இருந்தது. அக்கா உடனே போன் செய்தார், யாரப்பா இப்படிக் கத்துகிறது, உன் குரல் மாதிரியே இருக்கிறதே என்று. அட்டை மற்ற குரூப்புகளுக்குப் போயிற்று, மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிற்று, கூரம், திருப்புட்குழி என்று சுற்றி, ராத்திரிக்குள் என் சர்ச் குரூப்புக்கே வந்து சேர்ந்தது.

கல்யாணத்தன்று, தெரியாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதற்காக, பழைய மண்டபத்தின் வாட்ச்மேனைக் குடையோடு கேட்டில் நிறுத்தியிருந்தார் முதலாளி. முகூர்த்தம் முடிந்தது. முதல் பந்தி பாயசம் வரை வந்துவிட்டது. மத்தியானம் அந்த வாட்ச்மேன் மானாம்பதி மண்டபத்துக்கு வந்து நின்றான். முகத்தில் அத்தனை வருத்தம். "காலையில இருந்து நின்னுக்கினு கீறேன் மொதலாளி. ஒரு ஆளு வரல. பசிக்குது, அதான் வந்துட்டேன்" என்றான். முதலாளி அவன் தோளைப் பிடித்து உலுக்கி உலுக்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குக் கேட்கவேண்டுமா? இலையில் பாயசத்தை வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தேன். நான் உட்கார்ந்திருந்தது முதல் பந்தியில், வாணியின் அத்தைக்குப் பக்கத்தில். கையைப் பிடித்து அங்கே உட்காரவைத்தவர் முதலாளி. எங்கள் தெருவிலிருந்து அந்த வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். அப்பா இருந்து பார்த்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். சந்தோஷத்தில் மூன்று வடை சாப்பிட்டேன்.

அடுத்த இரண்டு மாதமும் எனக்கு ஒரே வேலை. இருநூறு பேஜையும் திறந்து பிள்ளையாரைக் குறிப்புக்குள் மாற்றினேன். அவர் நகர்ந்ததும் பல பேஜ்களில் பெட்டிகள் அளவு மாறித் தாறுமாறாக ஆயின. இது எச்.டி.எம்.எல். பேஜ் என்ற அறிவிப்பையே அதுவரை மெஷின் மதிக்காமல் இருந்திருக்கிறது, நான் மெஷின் கோளாறு என்று தட்டிக் கொட்டியதெல்லாம் அதனால்தான். தட்டியதை எல்லாம் திரும்பத் தட்டினேன். அலுக்கவே இல்லை. ஒவ்வொரு பேஜுக்கும் அட்டைக்கான வரியும் சேர்த்தேன், தையற்கார அம்மா உட்பட.

போன வருஷம் என் மகள் ஷீபாவுக்குக் கல்யாணம். சர்ச்சில் ஏற்பாடு. அவளுக்கும் ஒரு பேஜ் செய்தேன். முதலாளிக்கு இப்போது கை நடுங்குகிறது, அச்சகத்துக்குத் தினமும் வருவதில்லை. அன்றைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், கண்ணாடியை இறக்கினார், "உள்ள தொற" என்றார். திறந்தேன். பழக்க தோஷம், என் மகள் கல்யாணத்துக்கும் முதல் வரியில் உ போட்டிருந்தேன். கீறாரு, அனுப்பு என்பார் என்று காத்திருந்தேன்.

"எழுந்திரு எஸ்தரு" என்றார்.

முப்பத்து மூன்று வருஷத்தில் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அப்போதுதான். கீபோர்டை அப்படியும் இப்படியும் பார்த்தார். நான் உதவி செய்யப் போனேன், கையைத் தட்டிவிட்டார். ஒற்றை விரலால் குறிப்புக்குள் இருந்த உவை அழித்தார். பிறகு எதையோ தேடினார். மேல் வரிசை, கீழ் வரிசை, மறுபடி மேல் வரிசை. ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். கடைசியில் வலது ஓரத்தில் கூட்டல் குறியைக் கண்டுபிடித்து அழுத்தினார். திரையில் முதல் வரியில் ஒரு சின்னக் கூட்டல். அதைக் கண்ணாடி வழியாக ஒரு முறை சரிபார்த்தார்.

"இது உன் வூட்டு கல்யாணம்மா. மொதல்ல உன் சாமி இருக்கட்டும். சிலுவ இதுல இல்ல, இதான் கெடச்சிது" என்றார்.

நான் அன்றைக்குச் சிரிக்கவில்லை. அவர் போன பிறகு, கூட்டல் குறிக்குக் கீழே, இரண்டாவது வரியில், அவருடைய உவைத் திரும்ப எழுதி வைத்தேன்.

அதனால்தான் நந்தினி, எல்லாப் பேஜிலும் ஒரு வரி, ஷீபா பேஜில் மட்டும் இரண்டு வரி. உன் மென்பொருள் சொல்வது சரிதான், அவை ஒரு வேலையும் செய்யவில்லை. நீக்கலாமா என்று அது மறுபடி கேட்டால், வேண்டாம் என்பதை அழுத்து.